மீந்துபோன சப்ஜா

எங்கம்மா கலக்குகிற சப்ஜாவைப் போல ராயபுரத்தில் யாரும் கலக்கியதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். கடுகு மாதிரிக் கிடக்கும் விதையைச் சட்டித் தண்ணீரில் போட்டு வைப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் மீன்சினை போல வழவழவென்று பூத்து நிற்கும். அதில் நன்னாரியும் சர்க்கரையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவாள். தொண்டையில் இறங்கும்போதே வெயில் ஓடிப்போகும்.

பக்கத்து வீட்டுச் சாச்சிக்கும் அவளுக்கும் ஒரு வருஷம் குழாயடியில் பெரிய சண்டை. சாச்சி என்றால் சித்தி. உறவு இல்லை, ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவேன். வரிசையில் இருந்த சாச்சியின் குடத்தை அம்மா எட்டி உதைத்துவிட்டாள். அதுவரை ஒரே தட்டில் தின்றவர்கள், அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முதலில் வாய் திறக்க இரண்டு பேருக்குமே கழுத்து வளையவில்லை.

அப்போதுதான் நோன்பு மாதம் பிறந்தது. சாச்சிக்கு மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை. நாளெல்லாம் நெடியைக் குடித்துவிட்டு, நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்துக்குத்தான் வீட்டுக்குள் நுழைவாள். அதற்குமேல் விதை எப்போது ஊறுவது?

அம்மா மீன் விற்றுத் திரும்பியதும், முகம்கூடக் கழுவாமல் சப்ஜாவை ஊறப் போடுவாள். சாயங்காலம் ஒரு சொம்பை என் கையில் திணிப்பாள்.

“மீந்துபோச்சு, கொட்ட மனசு வரலன்னு சொல்லு. நான் குட்த்து அனுப்சேன்னு சொன்னே, தோலை உரிச்சிடுவேன்.”

அப்படியே போய் ஒப்பித்தேன். சாச்சி பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டே சொம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

“கொடத்த ஒதைக்க மட்டும் மனசு வந்துச்சாமா? சக்கரை பத்தலன்னு போய் சொல்லு.”

“அவ நாக்கப் பாரு!” என்று அம்மா குதித்தாள். மறுநாள் சர்க்கரை ஒரு பிடி கூடுதலாக விழுந்தது.

“எறும்புக்கா கலக்குனா?” என்றாள் சாச்சி. ஆனால் சொம்பு ஒருநாளும் மிச்சத்தோடு திரும்பியதில்லை.

ஒருநாள் படகுகள் கரைசேரத் தாமதம். பாங்கு சொல்லியும் அம்மா வரவில்லை. வாசலில் நான் வெறுங்கையோடு நிற்பதைச் சாச்சி பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அம்மா இடுப்பில் கூடையும் உப்புப் பூத்த முகமுமாக வந்தபோது, சாச்சி எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சொம்பு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் கதவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

“இந்தாமே. மீந்துபோச்சு. கொட்ட மனசு வரல.”

அம்மா கூடையை இறக்கவில்லை. நின்றபடியே அண்ணாந்து குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“சக்கரை பத்தலமே.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. சர்க்கரை பத்தாததற்கு இத்தனை சிரிப்பா என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் கஞ்சிகூட ஒருநாளும் மீந்ததில்லை. சப்ஜா மட்டும் எப்படித் தினமும் மீந்தது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.