அப்பா வாசிக்க வேண்டியது

கவரைப்பேட்டையில் எங்கள் சர்ச்சில் அந்த வருடம் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஏழு பேர் வாசிக்கும் மேற்கத்திய இசை. பாட வரி எதுவும் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன். செல்லோக்காரரும் ஹார்ன்காரரும் ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் ஒத்திகைக்கு வந்தார்கள். கிளாரினெட் என் அப்பா. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுபவர். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கையைத் தேய்த்துக் கழுவாமல் வாத்தியத்தைத் தொடமாட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. வயலின் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த ஏழு பேரில் நான் இல்லை என்பது பெரிய மனக்குறை.

பெரிய வெள்ளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பாவின் இடது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த பாட்டு மாஸ்டர், கிளாரினெட் இல்லாமல் அது நிற்காது, விட்டுவிடலாம் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை.

"வுட்றாதீங்க மாஸ்டர். என் பார்ட்ட பாப்பா வயலின்ல வாசிக்கும். நான் வாசிக்கறப்போ கேட்டுக்கினே தான இருந்துச்சு."

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்தக் கட்டிலருகே நின்றுகொண்டு பெரிய வெள்ளியன்று எந்தச் சுடிதார் போடுவது என்று யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் பகுதி முழுவதையும் வயலினுக்கு மாற்றி எழுதினார். கிளாரினெட்டின் அடி ஸ்வரங்கள் வயலினில் வராது. அவற்றை மேலே ஏற்றினார். காகிதம் நகராமல் அம்மா பிடித்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று மாலை வாசித்தோம். மெதுவாகப் போகும் நடுப் பகுதியில் மற்றவர்கள் அடங்க, அப்பாவின் மெட்டு தனியாக எழும். அதை ஒரு பிசிறில்லாமல் வாசித்தேன். நிமிர்ந்தபோது, அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அம்மா மட்டும் இருந்தாள்.

பெரிய வெள்ளி என்பதால் யாரும் கைதட்டவில்லை. முடிந்ததும் வெளியே ஓடினேன். அப்பா சைக்கிள் நிறுத்துமிடத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"தப்பா வாசிச்சிட்டனாப்பா?"

"இல்ல கண்ணு. எல்லாம் கரெக்டு."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுந்து வந்துட்ட?"

"உள்ள காத்து இல்ல."

உள்ளே எட்டு ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் நம்பவில்லை. எங்கேயோ தப்பு விட்டிருக்கிறேன், அப்பா மறைக்கிறார் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க, அவர் கட்டிலில் படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அதே மெட்டை வரிவரியாக வாசித்துத் தப்பைத் தேடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கடைசியில் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா ஊட்ல இல்லாதப்போ வாசிம்மா."

அம்மாவுக்குக்கூட நான் வாசித்தது பிடிக்கவில்லையே என்று அன்று அழுதேன்.