வேலம்மாள் இருந்த சாய்ப்பு

குனியாமலே சொல்லிவிட்டுப் போனான் அந்த ஆள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சர்க்கார் கணக்குக்காக வீட்டுக்கு வீடு கதவில் தாரால் நம்பர் எழுதிக்கொண்டு வந்தவன். தென்னூரில் ஹபீபுல்லா பாய் வீட்டுப் பின்சந்தில், வேலம்மாள் அக்காள் வாசலில் வந்து நின்றான். கூரை தாழ்வு, குனிந்தால்தான் உள்ளே அடுப்பும் பானையும் தெரியும். அவன் குனியவில்லை. "இது சாய்ப்பு. வீட்டுல சேராது" என்றான். தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டான்.

அதைக் கட்டின கொத்தன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

சாய்ப்பு என்றால் வேறொன்றும் இல்லை. இன்னொருத்தர் சுவரில் துளை போட்டு மேலே கட்டையைச் செருகி, கீழே இறக்கிக் குட்டைச் சுவரில் உட்கார வைப்பது. அடுத்தவர் சுவரில் சாய்ந்து நிற்பதால் சாய்ப்பு. நான் மூணாம் கிளாஸோடு நின்றவன். சொல்லுக்கு அர்த்தம் தேடுகிற ஆள் இல்லை. அக்காள்தான் தேடும். "பொழுது சாயுதுங்கிறோம், தலை சாய்க்கிறோம், ஆளு போனாலும் சாஞ்சுட்டான்ங்கிறோம். எல்லாத்துக்கும் இந்த ஒரு சொல்லுதானா தங்கையா?" என்று கேட்கும். பேச வேறு ஆள் இல்லாததால் என்னிடம் கேட்கும்.

அக்காளுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது ஐம்பத்திரண்டு புயலில். ஊர் உப்பிலியபுரம். புருஷன் பிச்சைமுத்து ஸ்ரீரங்கத்தில் ஆற்றங்கரையோரம் வாழை குத்தகைக்கு எடுத்திருந்தார். தார் கனத்த மரத்துக்கெல்லாம் இரண்டு பேருமாக முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரே ராத்திரிக் காற்றில் முட்டோடு சேர்ந்து எல்லாம் படுத்துவிட்டது. விடிந்ததும் வரப்பில் நின்று பார்த்த மனிதர், "எங்கயாவது காலை ஊனிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வடக்கே நடந்தார். அவ்வளவுதான்.

அக்காள் அக்கரையில் இலை அறுத்து இக்கரைக்குக் கொண்டுவந்து ஹோட்டல்களுக்குப் போட்டுப் பிழைத்தது. ஸ்ரீரங்கத்திலும் சில வீடுகளுக்கு இலை கொடுக்கும். ஒரு வீட்டு ஐயங்காரிடம் இந்தச் சொல் வழக்கு போயிருக்கிறது.

"சாயங்காலம்ங்கறது சமஸ்க்ருதம்மா. சாயம்னாலே அந்திப்பொழுதுதான். நீ சொல்ற சாயறது வேற" என்றாராம் அவர்.

"சூரியன் சாயாமயா சாமி சாயங்காலம் வருது?"

"நன்னா கேட்டே போ. இலையைக் கிழிக்காம கட்டு."

இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஹபீபுல்லா பாய் நல்ல மனுஷர். "சுவரு சும்மாதானே நிக்குது, சாச்சுக்க" என்று அவர்தான் இடம் கொடுத்தார். சாயங்காலம் இலைக்கட்டெல்லாம் தீர்ந்ததும் அக்காள் அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீட்டு அடுப்பு. இந்தப் பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். பாத்திரம் உருளுவது, பாயம்மா பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் கேட்கும். அங்கே குழந்தை தும்மினால் இங்கே இது "நூறு" என்று சொல்லும். வாய்க்குள்ளேதான். யாருக்கும் கேட்காது.

நம்பர்காரன் நகர்ந்ததும் அக்காள் பின்னாலேயே ஓடியது. "என்ன செஞ்சா வீடாகும்யா?"

"நாலு சுவரும் உன்னோடதா இருக்கணும்மா" என்றான், திரும்பாமல்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. பாய் சுவரை ஒட்டி உள்பக்கம் ஒரு சுவர் வேண்டுமாம்.

"இருக்கிற சுவத்துக்கு எதுக்குக்கா இன்னொரு சுவரு? உள்ள இடமே இல்ல. கால நீட்டிப் படுக்க முடியாது."

"மடக்கிப் படுத்துக்கிறேன். நீ கட்டு."

"நம்பர வச்சு என்ன செய்யப் போறீங்க?"

 நம்பர் இல்லாத கதவைக் காட்டிச் சொன்னது: "அவரு தேடிக்கிட்டு வந்தா எந்தக் கதவத் தட்டுவாரு? பாய் வீட்டுக்குப் பின்னாலன்னு யாராச்சும் காட்டினா, அப்படியே திரும்பிருவாரு தங்கையா. ரோசக்காரரு. இன்னொருத்தர் வீட்டுல அண்டிக் கிடக்கிறவளக் கூட்டிட்டுப் போக வரமாட்டாரு. என் வீடுன்னு இருக்கணும்."

போய் எட்டு வருஷம் ஆன மனுஷருக்காக. நான் நூல் பிடித்து அளந்தேன்.

வேலை நடக்கும்போது ஹபீபுல்லா பாய் வந்து எட்டிப் பார்த்தார். "என்னா வேலம்மா, எங்க சுவரு உன்னையக் கடிச்சுதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் முகம் சரியில்லை. அக்காள் தலையைக் குனிந்துகொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தது. மண் சாந்தில் ஒற்றைக்கல் சுவர் எழுப்பினேன். பாய் சுவரில் செருகியிருந்த கட்டைகளை உருவி, புதுச்சுவர் மேல் உட்கார வைத்தேன். பழைய துளைகளையும் அடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த தடவை வேறொரு ஆள் வந்தான். அவனும் குனியவில்லை. சந்திலிருந்தே, "தனிச் சுவரு இருக்கா?" என்றான். "இருக்கு" என்றேன். கதவில் நம்பர் எழுதினான். அக்காள் தார் காயும்வரை கதவைச் சாத்தவில்லை.

பிச்சைமுத்து வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயம் அக்காளுக்கு உடம்பு விழுந்தது. இலைக்குப் போவது நின்றது. பாயம்மா கஞ்சி கொடுத்தனுப்புகிறார்கள் என்று சந்தில் சொன்னார்கள். ஒருநாள் எனக்கு ஆள் அனுப்பியது; ஓடு ஒழுகுகிறது, அதற்குத்தான் கூப்பிட்டது என்று நினைத்துக் கரண்டியோடு போனேன். ஒழுகவில்லை. அக்காள் புதுச்சுவரை ஒட்டிக் காலை மடக்கிப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுவர் சில்லென்று இருந்தது.

"ஒண்ணுமே கேக்கல தங்கையா" என்றது.

"காது அடைச்சிருக்கும்க்கா. ஜுரம்."

"காது நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ள தும்முதா இல்லையான்னுகூடத் தெரியல." கையைத் தூக்கித் தலைமாட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டியது. "இந்த ஒத்தக் கல்ல மட்டும் உருவிரு."

"உருவினா அப்புறம் சுவத்துல ஓட்டைம்பான். நம்பர அழிச்சிடுவான்."

"எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? நீ உருவு."