மைத்துனன் பிடித்த கயிறு

எழுபதுகளில் தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். குளிப்பவனை மேலே தூக்கும் கயிற்றை அவன் மைத்துனன்தான் பிடிப்பான். அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை.

மூளைக்கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என் மைத்துனனின் வலது கை மரத்து, பலமிழந்தது. ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

“கயிறு பிடிக்க வேற ஆளப் பாருங்க அத்தான்.”

“ஏலே, சோறு திங்க மட்டும் கை வருதோ? நடிக்காத!” என்று சீறி, அவனை வள்ளத்தில் ஏற்றினேன்.

கடலடியில் மூச்சு முட்டியதும், தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டி இழுத்தேன். அவன் தூக்கவே இல்லை. நானே உந்தி, செத்துப் பிழைத்து மேலே வந்தேன். ஏறியதும் அவனை ஓங்கி அறைந்தேன்.

அவன் வள்ளத்தின் பலகையையே பார்த்தான். “ரத்தமா கெடக்கே அத்தான், ஒங்களுக்கு எங்கயும் அடி பட்டுட்டா?”

நான் இறங்கும்போது ஓடிய கயிறு அவன் வலது உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

அறைந்த என் கைதான் இன்றும் எரிகிறது.