கண்ணாடித் தொட்டியில் மயில்துத்தம்

ஐம்பதுகளில் நடந்தது இது. தேவிகுளத்துக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. இலையில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் மயில்துத்தம் கரைத்து அடிப்போம், நோய் நின்றுவிடும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் கிளார்க் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்த்தார்கள். ஒருநாள் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மீன் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி வந்திருக்கு. நல்லாருக்கிற ரெண்டை மட்டும் பானையில பிரிச்சு வச்சிருக்கேன்."

"இதுக்கா பயப்படுதிய? தேயிலைக்கு வர்ற சீக்குதாம்மா இது" என்று சொல்லி, தொட்டியில் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினேன். அதோடு விட்டேனா? முன்ஜாக்கிரதை என்று பானையிலும் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் போனபோது மீன்களெல்லாம் செத்து மிதந்தன. பானையில் இருந்த இரண்டும்கூட. அந்தப் பானையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, கொன்றது நோய் அல்ல என்று.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ரெண்டு நாள் முந்தியே சொல்லிருந்தா உங்க மருந்து கேட்டிருக்கும், அண்ணாச்சி" என்றார்.

"எல்லாம் உன் அசட்டையாலதான் போச்சு" என்று கணவர் என் முன்னாலேயே அவரைத் திட்டினார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம்மா, முந்தியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தெரியாமல் மருந்து ஊற்றியதற்கு எப்படியோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரிந்தே குடித்த அந்தக் காப்பி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.