காஸிப் இழுப்பறை

அகராதி அலுவலகத்தில் அட்டை அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவளுடைய ராஜ்யம் சொல் அட்டைகள். ஓர் ஆங்கிலச் சொல்லை யார், எப்போது, எந்த வாக்கியத்தில் பயன்படுத்தினார்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சொல்லுக்கான இழுப்பறையில், பொருளுக்கு ஒரு தடுப்பு என்று பிரித்து அடுக்குவாள். வந்த அட்டையைத் திருப்பி அனுப்பக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒருமுறை தலைமைப் பதிப்பாசிரியர் தனக்குப் பிடிக்காத அட்டையைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே உள்ளே வைத்தாள்.

அட்டையைக் காக்கத் தெரிந்தவளுக்கு வாயைக் காக்கத் தெரியவில்லை. அவள் கணவர் பல் வலித்தால்கூட வீட்டில் மூச்சு விட மாட்டார். விட்டால் மறுநாள் காலை பேப்பர் போடுகிறவர் கன்னத்தைப் பார்த்து, "வீக்கம் குறைஞ்சிருக்கா சார்?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் தட்டச்சு வேலை செய்யும் பெண் மனதைத் திறந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவும் சேர்ந்து அழுதாள், அதில் பொய்யில்லை. பிள்ளைத்தாய்ச்சி இப்படி அட்டைப் பெட்டிகளைத் தூக்குகிறாளே என்று பதறி, பிழை திருத்துகிறவரிடம் மட்டும் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னாள். பிறகு பைண்டிங் ஆளிடம் மட்டும். பிறகு காவலாளியிடம் மட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கட்டடத்தில் சொல்லப்படாமல் மிச்சம் இருந்தது மீன் தொட்டி ஒன்றுதான்.

பெட்டி தூக்க நாலு பேர் ஓடி வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெண் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் பைண்டிங் ஆளின் மச்சான். "தனியா இருக்கிற பொண்ணுக்கு வீடு விடுறதில்ல, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணும்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அக்கா மேல் மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் புதியவர், விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். 'பணியிடத்தில் காஸிப் பரப்புதல்', அதாவது வம்பு பேசித் திரிதல், என்று அதில் ஒரு குற்றம் இருந்தது. தண்டனை, பழைய புத்தகக் கிடங்குக்கு மாற்றம். அட்டைகளை விட்டுப் போவதைவிட ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது அக்காவுக்கு.

விசாரணைக்கு அவள் தனியாகப் போகவில்லை. காஸிப் இழுப்பறையை மொத்தமாக உருவிக்கொண்டு போய் மேலாளரின் மேஜைமேல் வைத்தாள்.

"முதல் தடுப்பைப் பாருங்க சார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சொல்லுக்கு கடவுள் வழிச் சொந்தம்னு அர்த்தம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பொறுப்பேத்துக்கிறாங்களே, ஞானத்தாய், ஞானத்தகப்பன், அவங்கதான் காஸிப். அப்புறம் அதுவே உயிர்த்தோழின்னு ஆச்சு. ரெண்டாவது தடுப்பு, பிரசவ அறையில கூட இருக்கக் கூப்பிடற பொம்பளைங்க. உள்ள ராத்திரி பூரா அவங்க என்ன பேசினாங்கன்னு வெளியில நின்ன ஆம்பளைங்களுக்குத் தெரியல, வயித்தெரிச்சல். அதனாலதான் மூணாவது தடுப்புல வம்பு பேசறவள்னு போட்டுட்டானுங்கன்னு நான் நினைக்கிறேன். கடைசியில ஆளு போயி வம்புக்கே அந்தப் பேரு. இதுல எந்தக் குற்றத்துக்கு என்னைக் கிடங்குக்கு அனுப்பறீங்க?"

விசாரணைக்கு வந்திருந்த தலைமைப் பதிப்பாசிரியர் தன்னை மறந்து, "அருமை, அருமை" என்றார். மேலாளர் முறைத்து, சாட்சிகளைக் கூப்பிட்டார்.

அங்கேதான் வண்டி குடை சாய்ந்தது. அக்கா சொன்னதாகச் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், கேட்டதை யாரிடம் சொன்னோம் என்பதையும் சொல்ல வேண்டும். பிழை திருத்துகிறவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பைண்டிங் ஆளுக்கு அன்று பார்த்துக் காது அடைத்திருந்தது. காவலாளி, "வாசல்ல நிக்கறவனுக்கு உள்ள நடக்கறது எப்படித் தெரியும்?" என்றார். வழக்கு தள்ளுபடி.

கோர்ட்டில் ஜெயித்த வக்கீல் மாதிரி அக்கா இருக்கைக்குத் திரும்பினாள். அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஓர் அட்டை, எல்லாம் முறைப்படி. மேலே சொல், காஸிப். கீழே தேதி. நடுவில் வாக்கியம்: 'நம்பி அழுதவளின் கதையை ஒரே பகலில் ஊருக்குப் பங்கு வைத்தாள்.' சொன்னவர் என்ற இடத்தில் தன் பெயர்.

"அடுக்குங்க அக்கா. வந்த அட்டையைத் திருப்பக் கூடாதுல்ல?"

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டாள். முதல் தடுப்பைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். அந்த இரண்டிலும் இருக்கத் தனக்குக் கொள்ளை ஆசை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அட்டையை மூன்றாவது தடுப்பில் வைத்தாள். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

"தப்பு பண்ணிட்டேன்டி. எங்க வீட்டுல பின்பக்கம் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. வந்துடு."

"வர்றேன்னு வைங்க. சாயங்காலத்துக்குள்ள எத்தனை பேருக்குத் தெரியும்?"

சத்தியம் பண்ணலாம்தான். அந்தச் சத்தியத்தையும் நாலு பேரிடம் சொல்லிவிடுவோமோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது; அதையே சொன்னாள். அவள் பொய்ச் சத்தியம் பண்ணாததே அந்தப் பெண்ணுக்குப் போதுமாக இருந்தது. முகவரியை எழுதித் தரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் போய் இரண்டு பெட்டிகளையும் ஒரு தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "விருந்தாளியா?" என்றாள். அக்கா துணி காயப்போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே வந்தபோது மராத்தான் ஓடி வந்தவள் மாதிரி அவளுக்கு மூச்சு வாங்கியது.

திங்கட்கிழமை பிழை திருத்துகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டைக் காலி பண்ணிடுச்சாமே. எங்க இருக்கு இப்போ? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

பைண்டிங் ஆளும் வேலையை நிறுத்தினார். இரண்டு மேஜை தள்ளித் தட்டச்சுச் சத்தமும் நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றாள் அட்டை அக்கா. ஐம்பத்து நாலு வயதில் அந்த வாக்கியத்தை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.