பிரேக்குக்கு விளக்கெண்ணெய்

யுத்தம் முடிந்த மறு வருஷம், எங்கள் வண்டி நிற்பதற்குப் பெரியப்பாவின் வைக்கோல்போர் தேவைப்பட்டது. மேட்டிலிருந்து இறங்கி வந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தார் என் அப்பா, நைனா. அது வாசலைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையையும் தாண்டி, வைக்கோல்போருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே இறங்கிய நைனா, வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் விட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இன்னாடா, உன் வண்டிக்கும் தீனி வெக்கணுமா?" என்றார் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா.

பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, இனி வேண்டாம் என்று கழித்துவிட்ட வண்டி அது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. இப்போது பிக்கப் என்கிறார்கள். எங்களுக்குக் குட்டி லாரி. திருத்தணி மலையைப் பார்த்தபடி இருந்த எங்கள் வீட்டிலிருந்து அரக்கோணத்துக்கு வேர்க்கடலை மூட்டை கொண்டுபோகத்தான் நைனா அதை வாங்கினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மாவுக்கு எட்டாம் மாதம் முடியும் சமயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பிறந்த அன்றைக்கே சாமிகிட்டே போய்விட்டான். அரக்கோணத்து டாக்டரம்மாவிடம் போகிற வழியிலேயே, பெரியப்பாவின் மாட்டு வண்டியில் அவன் பிறந்துவிட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

மெக்கானிக் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, பின்சக்கரத்துப் பிரேக்குக்குச் சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், இரண்டு மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எதுக்குடா இந்த வம்பு? என் மாடு இல்லியா?" என்றார் பெரியப்பா.

 உள்ளேயிருந்து அம்மாதான் சொன்னாள்: "நான் மாட்டு வண்டியில ஏறமாட்டேங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

முன்சக்கரங்களுக்குக் கல்லை அண்டை கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே வட்டமாக ஒரு இரும்பு மூடி. அதற்குப் பெயர் ட்ரம்மாம். அதற்குள்ளே இருப்பவை ஷூவாம். வண்டிக்குள் மேளமும் செருப்பும் இருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். நைனாவும் இரண்டு நாள் அதை மேளம் மாதிரியேதான் அடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார், மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினார். துரு பிடித்த மூடி அசையவில்லை. மலைக்குப் போகிற ஜனங்கள் நின்று, இந்த வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அது 'ணங்' என்று கழன்று வந்து அவர் கால்மாட்டில் விழுந்தது.

உள்ளே பிறை மாதிரி வளைந்த இரண்டு ஷூக்கள். இரண்டும் கருப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"இது அச்சுக்குள்ள இருக்கிற எண்ணெய்ங்க. உள்ளருந்து கசிஞ்சிகினு இருக்குது."

அம்மா சொன்னது சரி. எண்ணெயைத் தடுக்க அச்சைச் சுற்றியிருந்த தோல் வளையம் நைந்து போயிருந்தது. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கபிலையின் பழைய தோல்பை ஒன்று கொட்டகையில் கிடந்தது. அம்மா நைந்த வளையத்தை அதன்மேல் வைத்து, ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல் கரிக்கோடு போட்டு, புது வளையம் வெட்டிக் கொடுத்தாள். ஷூக்களின் மேல் ஒட்டியிருந்த பட்டை தேய்ந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக, அரிசி மில்லில் கழித்துப்போட்ட பெல்ட்டை நைனா வாங்கி வந்து அளவாக அறுத்து, செப்பு ஆணியால் அறைந்தார். ஆணித்தலை பெல்ட்டுக்குள் அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரம்மைக் கீறிவிடும். ஒவ்வொரு ஆணியையும் அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது தூக்கிகினு இருக்குது" என்று சொல்லச் சொல்ல, அவர் மறுபடி அடித்தார். வலது பக்கத்துச் சக்கரத்துக்கும் இதே பாடு. எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்கிற நைனா அந்த நாட்களில் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் தெறித்து விரல் முட்டி கிழிந்தபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வலது பக்கத்தை மூடியாயிற்று. இடது பக்கத்து ஷூ இரண்டையும் கோணிமேல் வைத்துவிட்டு நைனாவும் அம்மாவும் சாப்பிடப் போனார்கள். எனக்கு அவற்றைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நைனா அச்சுக்குக் கிரீஸ் தடவினார், கம்பிக்குத் தடவினார், திருகு மறைக்கும்கூடத் தடவினார். இந்த இரண்டு மட்டும் வறண்டுபோய்க் கிடந்தன. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று, எனக்கு வெள்ளிக்கிழமை தலையில் வைக்கும் விளக்கெண்ணெயை எடுத்து வந்து, பெல்ட் குடிக்கிற அளவுக்குத் தேய்த்தேன். பிறகு பாவாடையால் துடைத்து, ஒன்றும் தெரியாதபடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வயல் பாதையில் வெள்ளோட்டம். நைனா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி, வரப்பின்மேல் ஏறிச் சாய்ந்தது. நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா வந்து தோள் கொடுத்து வண்டியை வரப்பிலிருந்து தள்ளினார்.

மறுநாள் விடிந்ததும் இடது ட்ரம்மைக் கழற்றினார்கள். அம்மா குனிந்து மோந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை பட்ட பாவாடை மடிப்பை நான் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"நான்தாங்க," என்றாள் அம்மா. "எண்ணெய்க் கிண்ணத்த இங்க வெச்சேன். கவுந்துடுச்சி."

நைனா அம்மாவைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார். ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மிச்சமிருந்த பெல்ட் துண்டு சரியாக இரண்டு ஷூவுக்குத்தான் போதும். மறுபடி அளந்து, அறுத்து, அறைந்தார்கள். அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சீயக்காய் போட்டு என் கை இரண்டையும் தேய்த்துக் கழுவினாள்.

"நிக்கற இடத்துல வழுக்கக் கூடாது கண்ணு," என்றாள். 

அன்று சாயங்காலம் வண்டி நைனா நினைத்த இடத்தில் நின்றது. பெரியப்பாவின் வைக்கோல்போருக்கு ஒரு முழம் தள்ளி, வேண்டுமென்றே.

பத்து நாள் கழித்து, காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வண்டியைக் கிளப்பினார்கள். அம்மா ஓரத்தில், நான் நடுவில். பெரியப்பா யாரும் கூப்பிடாமலே பின்னால் தொட்டியில் ஏறிக்கொண்டார். அரக்கோணம் எட்டு ஒன்பது மைல் இருக்கும். ரோடு முழுக்கப் பள்ளம்.

கொஞ்ச தூரம் போனதும் நைனா வண்டியை நிறுத்தினார். எதிரே ஆளும் இல்லை, மாடும் இல்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்ததும், "போலாங்க" என்றாள். வண்டி கிளம்பியது. ஓடைப்பாலத்தின் முன்னால் மறுபடி நின்றது. அப்புறம் ஒரு புளியமரத்தடியில். ஒவ்வொரு தடவையும் குலுக்கலே இல்லாமல், தண்ணீர்க்குடத்தை இறக்கி வைக்கிற மாதிரி நிறுத்தினார். கேலி செய்த அண்ணனுக்கு நைனா பிரேக்கின் பவிசைக் காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஐந்தாம் தடவை நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்பக்கம் திரும்பிக் கத்தினேன்: "பாத்தியா பெரியப்பா, எப்படி நிக்குது!"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆங், நல்லா நிக்குது கண்ணு," என்றார்.

அன்று மத்தியானம் டாக்டரம்மா வீட்டில், கட்டிலின்மேல், தம்பி பிறந்தான். அவன் வளர்ந்த பிறகு, உனக்காக நைனா பெரியப்பாவை எப்படி மடக்கினார் தெரியுமா என்று இந்தக் கதையை எத்தனையோ தடவை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் முதல் பிரசவத்துக்கு டாக்ஸியில் போனபோது, வலி வந்த நேரத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. "ஐயோ, கொஞ்சம் நிறுத்துங்களேன்!" என்று நான் அலறிய பிறகுதான் பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அந்த அரக்கோணம் ரோட்டில், ஐந்து தடவையில் ஒரு தடவைகூட, அம்மா நிறுத்தச் சொல்லவில்லை.