புளி போட்டுத் துலக்கிய ஹீட்டர்

கள்ளக்குறிச்சி வெயிலில் ரூம் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறேன் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் வெள்ளிமலைக் குளிரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் பழைய ஹீட்டர்களுக்கெல்லாம் நான்தான் வைத்தியன்.

அப்படி வந்த ஒன்றுக்குப் புதுக் காயில் சுற்றி அனுப்பினேன். மறுநாளே அந்த வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, கம்பி நல்லாத்தான் செவக்குது. சூடுதான் வர்ல. பொண்ணு பச்சக் கொளந்தைய வெச்சிக்கினு நடுங்குதுப்பா."

என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். காயிலுக்குப் பின்னால், சூட்டை முன்பக்கம் தள்ளுகிற செம்புத் தகடு கறுத்துக் கிடந்தது. உச்சி வெயிலில் கடையில் வைத்துச் சோதித்தவனுக்கு அந்தக் குறை எப்படி உறைக்கும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கொஞ்சம் புளி குடுங்கக்கா" என்றேன்.

"இன்னாப்பா, ஹீட்டருக்கு ரசம் வைக்கப் போறியா?"

தகட்டைக் கழற்றி, முகம் தெரிகிற வரை துலக்கிக் கழுவினேன். ஈரம் போகத் துடைத்து மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். அக்கா முதலில் தான் போர்த்தியிருந்த போர்வையைக் கழற்றி வைத்தார். பிறகு கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார்: "தள்ளி வைப்பா, கொளந்தைக்கு வேர்க்குது."

புகார் என்றாலே முகம் சுண்டிப்போகிறவன் நான். அந்த ஒரு புகாரை மட்டும், மலை இறங்கும் வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.